வாசலுக்கு வந்த முருங்கைக்காய்

இந்தப் பையை நான் மேல வைக்கமாட்டேன், பிள்ள. கண்டக்டர் ரெண்டு தடவை வந்து சொல்லிட்டான். ஏன் அப்படி விடாமச் சொல்லணும்? என் பை என் மடியில இருந்தா அவனுக்கு எங்க வலிக்குது? மேல வச்சா சாத்தூர்ல எவனாவது எடுத்துக்கிட்டு இறங்கிருவான். நான் மதுரையில வெறுங்கையோட நிக்கணுமாக்கும். நீ ஜன்னல் பக்கமே இரு, எனக்குக் காத்து ஆகாது. திருச்சி வரைக்குமா போற? தனியாவா? சரி சரி, நான் ஏன் கேக்கேன்.

நாங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்க. நீங்க? ஆங், அதான் நெத்தியிலயே இருக்கே, நான் பாக்கல. ஒரு வகையில நல்லதாப் போச்சு. நீ வேதக்காரியா இருந்தா நான் வாயே திறக்கமாட்டேன். எங்க ஆட்கள்கிட்ட ஒரு விசயத்தைச் சொன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள அது ஜெபக்குறிப்பாயிரும். "நவமணியக்கா குடும்பத்துக்காகப் பாரத்தோட ஜெபிச்சுக்குவோம்"னு ஒருத்தி ஆரம்பிப்பா, ஊரே கண்ணை மூடிக்கிட்டுக் காதைத் திறந்து வச்சுக்கிடும்.

எங்க ஊரு சாத்தான்குளத்துப் பக்கம். வால்வு ஆசீர்வாதம் வீடுன்னு கேட்டா சின்னப்பிள்ளையும் காட்டும். எங்க வீட்டுல அவியளுக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, பஞ்சாயத்துல தண்ணி திறந்துவிடுத வேலை. அதனால வால்வு. அவிய தவறிப்போயி வாற மழைக்காலத்தோட ஒரு வருசம். மனுசன் நல்ல மனுசன்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனா ஆவிக்குரிய விசயம்னா ஒண்ணும் தெரியாது. கோயிலுக்கு வருவாவ, பிரசங்கம் ஆரம்பிச்சதும் தூங்குவாவ. நாங்க சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம். வீட்டுல ஜெபம் பண்ணுதது, கர்த்தர்கிட்ட வழி கேக்கது, அதெல்லாம் நான்தான். நான் இல்லன்னா அந்தக் குடும்பம் எங்க போய் முட்டியிருக்குமோ!

நான் எதையும் என் இஷ்டத்துக்குச் செய்யமாட்டேன், பிள்ள. கர்த்தர்கிட்ட அடையாளம் கேப்பேன். வேதத்துலயே இருக்கு, ஒருத்தன் ஆட்டுத்தோலைக் களத்துல போட்டு, தோல் மட்டும் நனைஞ்சிருக்கணும், தரை காஞ்சிருக்கணும்னு கேட்டான். அப்படியே நடந்துச்சு. அதே மாதிரிதான் நானும். விடியுததுக்கு முன்னால எந்திரிச்சு முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இது உமக்குச் சித்தமானா இன்னிக்கு இன்னது நடக்கட்டும்"னு சத்தமாக் கேப்பேன். எனக்குச் சத்தமா ஜெபிச்சாத்தான் ஜெபிச்ச மாதிரி. வாய்க்குள்ள முணுமுணுத்தா தூக்கம் வந்துரும்.

நம்பமாட்ட, கேட்டதெல்லாம் நடந்துச்சு.

கல்யாணமான புதுசுல பால்வாடியில ஆயா வேலைக்குக் கூப்பிட்டாங்க. கைப்பிள்ளையை விட்டுட்டுப் போகலாமா வேண்டாமான்னு ஒரே குழப்பம். "ஆண்டவரே, போகணும்னா, நான் கேக்காமலே மத்தியானத்துக்குள்ள என் வாசலுக்கு முருங்கைக்காய் வரட்டும்"னு கேட்டேன். ஏன் முருங்கைக்காய்னு கேக்காத, வாயில வந்துச்சு. பதினோரு மணி இருக்கும், அவிய சைக்கிள்ல வாராவ. ஹாண்டில்ல ஒரு கட்டு முருங்கைக்காய் தொங்குது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இத்தனைக்கும் அவிய முருங்கைக்காயை வாயில வைக்கமாட்டாவ. "ஏதுங்க இது?"ன்னேன். "வழியில ஒருத்தன் கொடுத்தான்"னு சொல்லிட்டு முகம் கழுவப் போயிட்டாவ. அவியளுக்கு என்ன தெரியும் பாவம், கர்த்தர் அவிய கையில கொடுத்தனுப்பியிருக்காரு.

சிரிக்காத. இன்னும் கேளு.

மகன் ஜெயசீலன் பத்தாவது முடிச்சதும் பாலிடெக்னிக்ல சேரணும்னு நின்னான். எனக்கு அவனை ஊழியத்துக்கு அனுப்பணும்னு ஆசை. அவிய வாயைத் திறக்கல. திறந்தாலும் நான் விட்டிருக்கமாட்டேன். நான் வீம்பாக் கேட்டேன், "ஆண்டவரே, அவன் பாலிடெக்னிக் போகணும்னா இன்னிக்கு எங்க தெருவுக்குத் தண்ணி வரட்டும்"னு. எங்க தெரு முறை மறுநாள்தான். அன்னைக்கு மேலத்தெரு முறை. அதனாலதான் தைரியமாக் கேட்டேன். குழாய்ல பாரு, ஏழு மணிக்குத் தண்ணி பீச்சி அடிக்குது! பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வாறாளுவ. நான் அப்படியே நடுத்தெருவுல நின்னு அழுதேன். மேலத்தெருக்காரங்க பஞ்சாயத்துல போய்ச் சண்டை போட்டு, அவியளுக்கு மெமோ கொடுத்துட்டாங்க. "வால்வு இறுகிக்கிச்சு, திருக வரல"ன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தாவ. அற்புதம் நடக்கும்போது நடுவுல எவனாவது அடிபடத்தான் செய்வான், என்ன செய்ய.

சில நேரம் கர்த்தர் வேண்டாம்னும் சொல்லுவாரு. என் கூடப்பிறந்த தம்பி, கிணத்துத் தண்ணியில பங்கு தரமாட்டேன்னுட்டான். கேஸ் போட்டு அவனைக் கோர்ட்டுக்கு இழுக்கணும்னு எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். "போடணும்னா சாயங்காலத்துக்குள்ள குடை பிடிச்ச ஆள் ஒருத்தர் என் வாசல்ல வந்து நிக்கட்டும்"னேன். நல்ல மழை நாள், பிள்ள. ஊரே குடையோட நடக்குது. என் வாசலுக்கு ஒருத்தன் வரணுமே! வரல. அவிய அன்னைக்கு வேலைக்குப் போகாம நடையில நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு, வாறவங்களையெல்லாம் "அவளுக்குக் காய்ச்சல், அப்புறம் வாங்க"ன்னு தெருவுலயே திருப்பி அனுப்பிட்டிருந்தாவ. எனக்கு ஒரு காய்ச்சலும் இல்ல. ஏன் அப்படிச் சொன்னாவன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. தம்பி ரெண்டு மாசத்துல அவனா வந்து பங்கு கொடுத்தான்.

கடைசியா நடந்தது மருமக விசயம். ஷெர்லின்னு பேரு, மார்த்தாண்டத்துப் பக்கம். பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே எனக்குப் பிடிக்கல. நான் கேக்கதுக்கு முன்னாடியே தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. எனக்குத் தாகம்னு இவளுக்கு யார் சொன்னா? நம்ம முகத்தை அப்படி நோட்டம் பாக்கிறவ நல்லவளா இருப்பாளா? அதனால நடக்கவே நடக்காத அடையாளமாக் கேட்டேன். "இவதான் எனக்கு மருமகள்னா இன்னிக்கு மத்தியானம் கோயில் மணி அடிக்கட்டும்." செவ்வாய்க்கிழமை மத்தியானம் மணி அடிக்க ஆளு செத்தாத்தான் உண்டு. அன்னைக்கு ஒருத்தரும் சாகல. மணி அடிச்சிச்சு! கோயில்குட்டி, அதான் மணி அடிச்சுக் கோயிலைக் கூட்டுத ஆளு, அவன் சோத்துக் கையோட ஓடி வந்து "நான் அடிக்கல, நான் அடிக்கல"ன்னு கத்துதான். ஊரே கூடிருச்சு. அவியளும் கூட்டத்தோட கூட்டமா மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நின்னாவ. கயித்தைப் பிடிச்சு இழுத்தவங்க மாதிரி கையெல்லாம் சிவந்து கிடக்கு. "என்னங்க கையில?"ன்னா, "என்ன சொல்லுத? கேக்கல"ன்னுட்டாவ.

ஆமா, அதைச் சொல்ல மறந்துட்டேனே. அவியளுக்குக் காது கேக்காது. மோட்டார் ரூமுலயே நின்னு நின்னு வாலிபத்துலயே பாதிச் செவிடு, சத்தமாப் பேசினாத்தான் கேக்கும். பிறகு ஜெயசீலன் காதுல மாட்டுத மெஷின் வாங்கிக் கொடுத்தான். அதையாவது ஒழுங்கா மாட்டுவாவளா? காலையில நான் ஜெபிக்க எந்திரிக்கும்போது படுத்த வாக்குலயே எடுத்து மாட்டுவாவ. ஜெபம் முடிஞ்சு, "என்னங்க, மாவு திரிக்கப் போகணும்"னு நான் ஆரம்பிச்சா, கழட்டி டப்பாவுக்குள்ள போட்டுருவாவ. அப்புறம் நாள் முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தணும். கேட்டா, பேட்டரி தீந்துருமாம்.

என்ன அப்படிப் பாக்க? உன் முழியே சரியில்ல. எங்க ஷெர்லினும் இப்படித்தான் பாப்பா.

அவிய போன பிறகுதான் வந்துச்சு வினை. கர்த்தர் பேசுததை நிறுத்திட்டாரு. நானும் கேட்டுக் கேட்டுப் பாக்கேன். சின்ன விசயத்துக்குக்கூட ஒண்ணும் நடக்கல. முழங்கால் தேஞ்சதுதான் மிச்சம். வீட்டுல யார்கிட்டயோ மறைவான பாவம் இருக்குன்னு எனக்குப் பட்டுது. இல்லாட்டா ஏன் வானம் இப்படி அடைச்சுக்கணும்? முதல்ல புதுப் பாஸ்டர் மேல சந்தேகப்பட்டேன், அவரு ஜெபத்தை ரொம்பச் சுருக்கா முடிக்காரு. பிறகு மகன் மேல. அவன் போனை எப்பவும் கவுத்தித்தான் வைக்கான். பிறகு ஷெர்லின் மேல. அவ மேல எப்பவும் உண்டு.

இந்த நேரம் பாத்துத்தான் என் மக எப்சிபா கல்யாண விசயம் வருது. இப்ப அவகிட்டதான் போறேன். மதுரையில ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ணுதா. அங்கேயே எக்ஸ்ரே எடுக்குத பையன், கிளாட்வின்னு பேரு. எங்க சபைதான், எங்க ஆளுதான். ஆனா ரெண்டாந்தாரம். முதல் பெண்டாட்டி செத்துட்டா, நாலு வயசுல ஒரு பொம்பளப்பிள்ளை இருக்கு. நிஸ்ஸின்னு பேரு. முதல் பெண்டாட்டி எப்படிச் செத்தான்னு நான் மூணு பேருகிட்ட தனித்தனியா விசாரிச்சுட்டேன். மூணு பேரும் மூளைக்காய்ச்சல்னு ஒரே மாதிரி சொல்லுதாங்க. எப்படி மூணு பேரும் ஒரே மாதிரி சொல்ல முடியும்? அதுவே எனக்குச் சந்தேகம். அவன் வேற ரொம்ப மரியாதை. எங்க வீட்டுல அவியளை அந்த ஆஸ்பத்திரியிலதான் வச்சிருந்தோம். கடைசி நாட்கள்ல அவன்தான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கிட்டு அலைஞ்சான். முகம் சவரம் பண்ணிவிட்டான். அவிய அவன் கையைப் பிடிச்சுக்கிட்டே கிடப்பாவ. ஒரு பொண்ணுக்காக இப்படியும் நடிக்கலாம்ல?

எப்சிபா என்ன சொல்லிட்டா தெரியுமா? "அம்மா, நீ கேட்டுச் சொல்லாம நான் ஓலை கொடுக்கமாட்டேன். அப்பா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாவ"ன்னுட்டா. ஓலைன்னா, கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு ஆராதனையில பேரை வாசிச்சு, யாருக்காவது தடை இருக்கான்னு கேப்பாங்க. வாற ஞாயிறு முதல் ஓலை கொடுத்தாத்தான் உண்டு. பிறகு தவசு நாள், அதான் உபவாச காலம், வந்துரும், கல்யாணம் கிடையாது. அவனுக்கும் வேலை மாத்தி வடக்க எங்கேயோ போடப்போறாங்க. இப்ப விட்டா விட்டதுதான். அவளுக்கும் முப்பதைத் தாண்டிருச்சு, பிள்ள. போன்ல தைரியமாத்தான் பேசுதா. ஆனா வைக்கும்போது ஒரு பெருமூச்சு விடுவா.

திங்கக்கிழமை காலையில அழுது கேட்டேன். "ஆண்டவரே, முதல்ல கேட்ட அடையாளத்தையே கேக்கேன். இந்தக் கல்யாணம் உம்ம சித்தமானா மத்தியானத்துக்குள்ள என் வாசலுக்கு முருங்கைக்காய் வரட்டும்."

வந்துச்சு, பிள்ள! பக்கத்து வீட்டு ரத்தினமணி கை நிறைய முருங்கைக்காயோட வந்து நிக்கா. "அக்கா, மரத்துல காச்சுது, உங்களுக்குக் கொஞ்சம் கொண்டாந்தேன்"ங்கா. எனக்குக் கண்ணுல தண்ணி பொங்கிட்டு. கர்த்தர் திரும்பிட்டாருன்னு ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்துட்டேன். அப்பத்தான் பாக்கேன், காயெல்லாம் சந்தையில கட்டுத மாதிரி வாழைநார்ல கட்டியிருக்கு. மரத்துல பறிச்சவ ஏன் கட்டணும்? அப்புறம் ஞாபகம் வருது, இவ மரம்தான் ஆடிக் காத்துல வேரோட விழுந்துட்டே! "ஏளா, எந்த மரத்துல காச்சுது?"ன்னேன். அவ திருதிருன்னு முழிச்சுக்கிட்டு என் தோளுக்கு மேல பாக்கா. திரும்பினா, அடுக்களை வாசல்ல ஷெர்லின்.

விடுவேனா? ரத்தினமணியை அனுப்பிட்டு இவளைப் பிடிச்சுக்கிட்டேன். "நான் ஜெபிக்கதை ஒட்டுக் கேக்கியா?"ன்னேன். "ஒட்டுக் கேக்க வேண்டாம் அத்தை, தெரு முழுக்கக் கேக்கும்"ங்கா. அந்தத் திமிரைப் பாரு! "கர்த்தர் செய்யுத வேலையை நீ செய்யுதியா? எப்சிபாவைத் தள்ளிவிட்டுட்டு வீட்டை நீ ஆளப்பாக்கியா?"ன்னு பிடிபிடின்னு பிடிச்சேன். அவ அழுதுட்டா. "மாமாதான் அத்தை சொன்னாங்க. ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. அத்தை காலையில என்ன கேக்கான்னு கவனிச்சுக்கோ. நல்லதுன்னா செஞ்சிரு, இல்லன்னா சும்மா இரு, அவ பாவம் யாரையும் நம்பமாட்டா, கர்த்தரை மட்டும்தான் நம்புவான்னு சொன்னாங்க. இத்தனை நாள் பயந்துக்கிட்டிருந்தேன், எப்சிபாவுக்காகத்தான் துணிஞ்சேன்."

செத்தவங்க மேல இப்படியா பொய் சொல்லுவா? ஓங்கிக் கை நீட்டப் போயிட்டேன். "அந்த மனுசனுக்குக் காதே கேக்காது, என் ஜெபம் எப்படிடீ கேட்டிருக்கும்?"னு கத்தினேன். கத்திக்கிட்டே இருக்கேன், அலமாரியில அந்த மெஷின் டப்பா கண்ணுல பட்டுது.

ஓங்குன கையை இறக்கிட்டு, ஜெபத்துக்கு மட்டும் திறக்குத அந்த டப்பாவை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன்.

இரு, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

நீ படிச்ச பிள்ளையாத் தெரியுத, சொல்லு. அவ சொல்லுதது மெய்னா, முப்பது வருசமா நான் யார்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்? கர்த்தர்கிட்டயா, கட்டில்ல கிடந்த இந்த மனுசன்கிட்டயா? முருங்கைக்காயை வாங்கிட்டு வந்தது இவிய, தண்ணியைத் திறந்துவிட்டு மெமோ வாங்கினது இவிய, மணிக்கயித்தை இழுத்தது இவிய. ஒரு வார்த்தை சொல்லல பாரு! நேருக்கு நேரா "நவமணி, பையன் படிக்கட்டும்"னு சொன்னா நான் கேட்டிருக்கமாட்டேனா? ... கேட்டிருக்கமாட்டேன். அது சரிதான். கேட்டிருக்கவே மாட்டேன்.

ஆனா ஷெர்லினை நான் நம்பல, பிள்ள. முழுசா நம்பல. அதனால இன்னிக்குக் காலையில ஒரு வேலை செஞ்சேன். வாயையே திறக்கல. மனசுக்குள்ளேயே கேட்டேன். ஒட்டுக் கேக்கட்டும் பாப்போம்! அடுக்களையில அவ பாத்திரத்தைக்கூட உருட்டாம நிக்கா, எனக்குத் தெரியாதா? நான் ஒரு சத்தம் விடல. உன்கிட்ட மட்டும் சொல்லுதேன், நீ யார்கிட்டயும் போன் போட முடியாது, இந்தா திருமங்கலம் தாண்டிட்டு. கிளாட்வின் அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு பஸ்ஸ்டாண்டுக்கு வாறான். "ஆண்டவரே, இது உம்ம சித்தமானா அந்தப் பிள்ளை தானா வந்து என் கையைப் பிடிக்கட்டும்." இதுதான் கேட்டேன். அந்தப் பிள்ளை புது ஆளைக் கண்டா பக்கத்துலயே வராதாம், எப்சிபாவே சொல்லியிருக்கா. இதை எந்த மருமகளும் செய்ய முடியாது. பிள்ளை வந்து பிடிச்சாச் சரி. பிடிக்கலன்னா, ஓலை கிடையாது, அடுத்த பஸ்ஸுக்கு ஊருக்குத் திரும்பிருவேன்.

மாட்டுத்தாவணி வந்துட்டு. என் செருப்பு எங்க? காலுக்குக் கீழ பாரு. ஆங். அந்தா நிக்கான் பாரு, நீலச்சட்டை. எப்சிபாவும் நிக்கா. ஏன் இப்படி மெலிஞ்சு போனா? பிள்ளை அவன் காலுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு நிக்குது. வாரேன் பிள்ள, ஜன்னல்ல இருந்து பாத்துக்கோ. நீதான் சாட்சி.

...

ஏ பிள்ள! இங்கன, கீழ பாரு! வரமாட்டேங்குதே. வாயில விரலை வச்சுக்கிட்டு என்னையே முறைச்சுப் பாக்குது. அப்பனும் கூப்பிடுதான், அசையல. இல்ல, இல்ல, அவளை யாரும் கூப்பிடக்கூடாது, தம்பி. நீங்க சும்மா இருங்க. தானா வரணும். எப்சிபா, நீயும் ஒண்ணும் சொல்லாத. ஏன்டி அழுத? நான் இன்னும் ஒண்ணும் சொல்லலயே.

பஸ்ஸு கிளம்பப் போகுது. கண்டக்டர், ஒரு நிமிசம் பொறுய்யா! இந்தப் பையைத் திறக்கேன், அவ்வளவுதான். இந்தா பிள்ளை, நிஸ்ஸி, இது என்ன தெரியுமா? முருங்கைக்காய். எவ்வளவு நீளம் பாரு, வாள் மாதிரி. ஒரு நுனியை நான் பிடிச்சுக்கிடுதேன், இன்னொரு நுனியை நீ பிடி பாப்போம். ஆங்... வா, இன்னும் கொஞ்சம் கிட்ட வா, அப்பத்தான் பிடிக்க முடியும். அப்படித்தான் என் தங்கம். ஐயோ, கை எவ்வளவு சூடா இருக்கு!

பாத்தியா? ஏ ஜன்னல் பிள்ள, பாத்தேல்ல? தானாத்தான் வந்தா. நான் ஒண்ணும் செய்யல. யார் கேட்டாலும் சொல்லு, பிள்ளை தானாத்தான் வந்து பிடிச்சா.